ரேடியோ போட்டிகள்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் வால்வு ரேடியோவைக் கண்டால் நின்றுவிடுவார்கள். அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். மர்ஃபியா, பிலிப்ஸா, என்ன விலை என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பேச்சு நேராகப் போட்டிகளுக்குப் போகும். யார் கேட்டாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

ரேடியோவுல போட்டியா? அதுல பாட்டும் செய்தியும்தானே வரும்?

வரும்தான். ஆனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை நம் ஆட்கள். பாட்டைப் போட்டுப் படத்தின் பெயரைக் கேட்பார்கள், பாடல்களை வரிசைப்படுத்தச் சொல்வார்கள், பொது அறிவுக் கேள்வி போடுவார்கள். வீட்டிலிருந்தே பதில் எழுதி அனுப்பலாம். சில நிகழ்ச்சிகளில் மேடைக்கோ நிலையத்துக்கோ நேரில் போய்க் கலந்துகொள்ளலாம்.

பரிசே இல்லாத நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, நேயர் கடிதம் இவற்றையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். எழுதிப் போட்டவர்களில் யார் பெயர் வாசிக்கப்படும் என்பதே ஒரு போட்டிதான். 'கானாடுகாத்தானிலிருந்து' என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் முகப்புக்கு ஓடி வந்த வீடுகள் உண்டு.

இது எப்போ ஆரம்பிச்சுது?

சென்னையில் 1924-லேயே வானொலி கிளப் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. ஆனால் அவை கச்சேரி, சொற்பொழிவு, நாடகம் என்று கம்பீரமாக நடந்தவை. பரிசு கொடுப்பது அப்போது பத்திரிகைகளின் வேலை. 1930களில் குறுக்கெழுத்துப் போட்டி ஒரு பித்தாகவே பரவியிருந்தது.

ரேடியோவுக்குப் பரிசு வந்தது விளம்பரக் காசோடுதான். இலங்கை வானொலி 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. சோப்பு, பற்பசைக் கம்பெனிகள் நேரத்தை வாங்கின. தங்கள் விளம்பரத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். போட்டி வைத்தால் வருகிற கடிதங்களை எண்ணிப் பார்த்துவிடலாம். 1952 டிசம்பரில் அறிவிப்பாளர் அமீன் சயானி இந்தியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற பாட்டு நிகழ்ச்சியே முதலில் ஒரு போட்டிதான். ஏழு பாடல்களைக் கலைத்துப் போடுவார்கள், படங்கள் வெளிவந்த கால வரிசைப்படி அடுக்கி எழுத வேண்டும், பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்பார்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்து மாளாமல்தான் பிறகு அதை வெறும் தரவரிசை நிகழ்ச்சியாக மாற்றினார்கள். ஒலிபரப்பானது கொழும்பிலிருந்து, ஒலிப்பதிவானது பம்பாயில். நாடா விமானத்தில் போகும்.

நமக்குப் பக்கத்துல திருச்சி இருக்கும்போது எல்லாரும் ஏன் சிலோனையே திருப்பினாங்க?

முதல் காரணம் சினிமாப் பாட்டு. பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை மந்திரியாக இருந்த 1952-லிருந்து ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து அதே ஆல் இந்தியா ரேடியோவின் விவித் பாரதி வந்தது 1957 அக்டோபரில். அந்த ஐந்து வருட இடைவெளியில் நாடு முழுக்கக் கொழும்பு பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு திரும்பி வரச் சொன்னால் வருவார்களா?

இரண்டாவது காரணம் இயற்பியல். மத்திய அலை நிலத்தைவிட உப்புத் தண்ணீரின் மேல் குறைந்த இழப்போடு போகும். நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருப்பது கடல். இருட்டினால் வானத்தின் மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்பும், அதனால் இரவில் இன்னும் சுத்தமாகக் கேட்கும். சிற்றலையிலும் கிடைத்தது. மொட்டை மாடியில் செம்புக் கம்பியைக் கட்டி ஏரியல் இழுத்த வீட்டில் கொழும்பு பக்கத்துத் தெரு போலப் பேசும்.

மூன்றாவது நம் பக்கத்துக்கே உரிய காரணம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளுக்குக் கொழும்பு அந்நிய ஊர் இல்லை. அங்கே செட்டியார் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது, ஆடிவேல் விழா இருக்கிறது. கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயாக்கள் வீட்டில் கொழும்புச் செய்தி என்றால் அது வீட்டுச் செய்தி. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் இவர்களை இங்கே பெயர் சொல்லிப் பேசுவார்கள், சொந்தக்காரர் மாதிரி.

பாட்டுக்குப் பாட்டு டிவி நிகழ்ச்சிதானே? ரேடியோன்னு சொல்றீங்க?

டிவிக்கு வந்தது பிற்பாடு. வேர் இலங்கை வானொலியில் இருக்கிறது. பி.எச். அப்துல் ஹமீத் அங்கே நடத்திய நிகழ்ச்சிதான் பிறகு சென்னைத் தொலைக்காட்சிக்கு அவரோடு வந்தது. ஓர் எழுத்து சொல்வார், அந்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, பல்லவி சரியாக இருக்க வேண்டும்.

என் கணிப்பில், ரேடியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆட்டம் அது ஒன்றுதான். பார்க்க எதுவும் இல்லை, காது போதும். கேட்கிறவர்களும் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆடலாம். போட்டியாளர் தடுமாறும் நேரத்தில் அடுப்படியிலிருந்து ஆச்சி பாடி முடித்திருப்பார். இங்கே அந்தாதியும் கம்பனும் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் அதிகம். சா. கணேசன் 1939-ல் கம்பன் விழாவைத் தொடங்கிய ஊர் இது. அதனால் எழுத்தைப் பிடித்துப் பாட்டைப் பிடிப்பது பலருக்குச் சுலபமாக இருந்தது.

இலங்கை வானொலிக்குக் கதை எழுதி அனுப்பினேன்னு எங்க அயித்தை சொல்றாங்க. அப்படி ஒன்னு உண்டா?

உண்டு. 'இசையும் கதையும்' என்று பெயர். நேயர் எழுதிய கதையை வாசித்து, நடுநடுவே கதைக்குப் பொருந்தும் சினிமாப் பாடல்களைப் போடுவார்கள். பாடலை மனதில் வைத்துக்கொண்டு கதையை வளைப்பதுதான் சூட்சுமம். அயித்தை சொல்வதை நம்புங்கள். முடிந்தால் கதையையும் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள்.

ஏன் தபால் அட்டையிலதான் பதில் எழுதணும்னு சொன்னாங்க?

பிரிக்க வேண்டாம், அதுதான் முதல் காரணம். உறை என்றால் ஒவ்வொன்றையும் கிழிக்க ஆள் வேண்டும். அட்டைகள் எல்லாம் ஒரே அளவு. அடுக்கலாம், எண்ணலாம், குலுக்கல் பெட்டியில் போட்டால் எது பெரிது எது சிறிது என்று கைக்குத் தெரியாது. முத்திரையில் தேதி இருப்பதால் கடைசி நாளுக்குப் பிறகு வந்ததைத் தள்ளிவிடலாம். உள்ளே காசு வைத்து அனுப்பவும் முடியாது. இந்தியாவில் தபால் அட்டை 1879-ல் காலணாவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஏழைக்கும் கட்டுப்படியான காகிதம் அதுதான்.

தபால் துறைக்கு மட்டும் இதில் நஷ்டம். அட்டையைச் சுமக்கும் செலவில் கொஞ்சம்தான் அதன் விலையில் திரும்பி வரும். டிவி, ரேடியோ போட்டிகளுக்கு மூட்டை மூட்டையாக அட்டைகள் குவிந்தபோது, போட்டிக்கென்றே தனி அட்டையைத் தபால் துறை கொண்டுவந்தது. சாதா அட்டை 50 காசாக இருக்கும்போது போட்டி அட்டை 10 ரூபாய் வரை ஏறியது. சாதா அட்டையில் போட்டிப் பதில் எழுதக் கூடாது என்பது விதி. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களில் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரே ஆள் நூறு கார்டு போட்டா பரிசு நிச்சயமா?

குலுக்கல் என்றால் வாய்ப்புக் கூடும், நிச்சயம் ஆகாது. அதைத் தடுக்கத்தான் 'ஒருவர் ஓர் அட்டை' என்ற விதி வந்தது. உடனே வீட்டில் உள்ள எல்லார் பெயரிலும் ஒரே கையெழுத்தில் அட்டைகள் போயின. தொட்டில் குழந்தை பெயரில்கூட.

இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெயருக்கு முன்னால் ஐந்தாறு தலைப்பெழுத்து நிற்கும், அதை விலாசம் என்போம். அறிவிப்பாளர் அதை வாசித்து மூச்சு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். விவரம் தெரிந்த நேயர்கள் விலாசத்தை அட்டையின் மூலையில் தள்ளிவிட்டு, பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதுவார்கள். அந்த அட்டைகள்தான் அதிகம் வாசிக்கப்பட்டன.

அப்போ திருச்சி வானொலி ஒன்னுமே செய்யலையா?

செய்தது. ஆனால் அது வேறு வகை ஆட்டம். 1956-ல் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. ஊரார் குழுவாக உட்கார்ந்து வானொலியைக் கேட்பது, விவாதிப்பது, சந்தேகத்தை நிலையத்துக்கு எழுதி அனுப்புவது, அடுத்த நிகழ்ச்சியில் பதில் வாங்குவது. யுனெஸ்கோ துணை நின்றது. பிறகு இது நாடெங்கும் போனது. பண்ணைப் பள்ளி என்ற நிகழ்ச்சியில் விவசாயிகள் பெயர் பதிந்துகொண்டு பாடம் கேட்டு, கேள்விக்குப் பதில் எழுதிச் சான்றிதழ் வாங்கினார்கள்.

பலன் எவ்வளவு என்று கேட்டால் ஒரு நெல்லைச் சொல்வேன். 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி விடாமல் சொல்லிச் சொல்லித் தஞ்சாவூர்ப் பக்கம் பரப்பியது. அங்கே விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே ரேடியோ நெல். நம் பக்கம் கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த பூமியும்தான். அதனால் இங்கே அந்தப் பேச்சு அவ்வளவாக எழவில்லை.

சைனா ரேடியோவுல பரிசு வாங்கி சீனாவுக்கே போனாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் பொது அறிவுப் போட்டி வைப்பார்கள். கேள்விக்கான பதில் நிகழ்ச்சியிலேயே ஒளிந்திருக்கும், காதைத் தீட்டிக் கேட்டால் போதும். சிறப்புப் பரிசு கிடைத்தால் சீனாவுக்கு அழைத்துப் போவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உண்டு. சின்னப் பரிசுகள் நிறைய: நாட்காட்டி, காகிதக் கத்தரிப்புப் படம், அஞ்சல் தலை. ஊர் ஊராக நேயர் மன்றங்கள் இருந்தன. மன்றத்துக்குப் பெயர்ப் பலகை, முத்திரை, ஆண்டுக் கூட்டம் எல்லாம் உண்டு.

இதோடு சேர்ந்ததுதான் கியூ.எஸ்.எல். அட்டை. தூரத்து நிலையத்தைக் கேட்டோம் என்று விவரம் எழுதினால், 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று உறுதி சொல்லி அழகான அட்டை ஒன்றை நிலையம் அனுப்பும். எழுதுவதற்கு முறை உண்டு. தேதி, உலக நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் விவரம், கடைசியில் சின்போ எண். அது ஐந்து இலக்கம்: ஒலியின் வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 55555 என்றால் பழுதே இல்லை. எல்லாவற்றுக்கும் 5 போட்டு நிலையத்தைக் குளிர வைக்கிறவர்கள் உண்டு. நிலையத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எங்கே சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

அந்தக் காலத்துல பரிசா என்னதான் கொடுத்தாங்க?

பெரும்பாலும் விளம்பரக் கம்பெனியின் சாமான்: சோப்பு, பற்பசை, பேனா, பை. சில சமயம் பணவிடை. ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. ஆண்டுக்கு 15 ரூபாய் வரை போனது, 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. அதே தபால் ஆபீசில் அட்டை வாங்கி, அதே வாசலில் தபால்காரருக்குக் காத்திருந்தார்கள். பரிசைக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. பெயர் வாசிக்கப்படுவதற்காகத்தான் எழுதினார்கள். முதல் கேள்வியிலேயே அதைச் சொல்லிவிட்டேன்.

எஃப்.எம். வந்தப்புறம் காரைக்குடிக்கு எது கேட்டுச்சு?

கோடைப் பண்பலை, 100.5. பண்பலை நேர்க்கோட்டில் போகிற அலை, மேடு மறைத்தால் போச்சு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து நம் சமவெளி மறைவில்லாமல் தெரிகிறது. திருச்சி, மதுரை நிலையங்கள் இடத்துக்கு இடம் விட்டு விட்டுக் கேட்கும். தனியார் பண்பலை இந்தியாவில் 2001-ல் பெங்களூரில் தொடங்கியது. மதுரை, திருச்சிக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

ஆட்டமும் மாறியது. வாரக் கணக்கில் காத்திருந்த இடத்தில் பத்து விநாடியில் முடிவு. எஸ்.டி.டி. பூத்தில் காசு கட்டி வரிசையில் நின்று பேசியவர்கள், பிறகு கைபேசிக்கு மாறினார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புகிறார்கள்.

எத்தனை தடவை அடிச்சாலும் லைன் பிஸி. ஆளை முன்னாடியே வெச்சிருக்காங்களா?

ஆள் வைக்க வேண்டிய தேவை இல்லை. நிலையத்தில் இருப்பது சில இணைப்புகள், ஒரே நொடியில் அழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். பிஸியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு விஷயம்: எடுத்ததும் நேராக ஒலிபரப்பில் விடுவதில்லை. உள்ளே ஒருவர் பேசிப் பார்த்து, கலகலப்பாகப் பேசுகிறவரை முதலில் கொடுப்பது வழக்கம். சில நிகழ்ச்சிகள் முன்பே பதிவாகிவிடும், அந்த எண்ணை ஒலிபரப்பு நேரத்தில் அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

'ரேடியோ சவுண்டைக் குறைங்க'ன்னு ஏன் எப்பவும் சொல்றாங்க?

உங்கள் குரல் போன் வழியே போய், ரேடியோவில் வந்து, மறுபடி போனுக்குள் நுழையும். சுற்றிச் சுற்றி வந்தால் ஊளைச் சத்தம் எழும். தவிர, தகாத பேச்சை வெட்டுவதற்காகச் சில நிலையங்கள் சில விநாடி தாமதித்து ஒலிபரப்பும். உங்கள் குரலே பின்னால் வந்து உங்களைக் குழப்பும்.

நான் சிங்கப்பூர்ல இருந்து ஆப்ல கேக்கறேன். எனக்கு முன்னாடியே யாராவது பதில் சொல்லிடறாங்க, ஏன்?

மேலே சொன்ன தாமதம்தான், இன்னும் பெரிதாக. இணையத்தில் வரும் ஒலி துண்டு துண்டாகச் சேர்ந்து வருவதால் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். கேள்வி உங்கள் காதில் விழும்போது இங்கே முகப்பில் ரேடியோ வைத்திருப்பவர் பரிசையே வாங்கியிருப்பார். முந்துகிற போட்டியை விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பதில் அனுப்ப இடம் தரும் போட்டியில் சேருங்கள்.

'இந்தப் போட்டி தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது'ன்னு விளம்பரத்துல சொல்றாங்களே, நாம என்ன பாவம் பண்ணோம்?

பாவம் இல்லை, 1979-ல் வந்த பரிசுத் திட்டத் தடைச் சட்டம். பொருளை வாங்கினால் குலுக்கலில் பரிசு என்று ஆசை காட்டி விற்பதை இந்த மாநிலத்தில் அது தடுக்கிறது. மத்திய அரசின் 1955 பரிசுப் போட்டிச் சட்டமும் உண்டு. எழுத்து, சொல், எண் புதிர்ப் போட்டிகளில் மாதப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது அது. திறமையால் வெல்லும் போட்டி சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1957-ல் பிரித்துச் சொன்னது. காசு வாங்காமல், எதையும் வாங்கச் சொல்லாமல், கேள்விக்குப் பதில் கேட்கிற ரேடியோ போட்டி இந்த வலையில் சிக்காது. லாட்டரி இங்கே 2003-லிருந்து தடை.

பரிசு விழுந்தா வரி உண்டா?

10,000 ரூபாயைத் தாண்டினால் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டிய பிறகே பொருளைக் கையில் தரலாம். அந்த வரி வருமான வரிக் கணக்கில் போகும், நடத்துகிறவர் சொந்தக் கணக்குக்கு இல்லை.

'உங்களுக்கு ரேடியோ போட்டியில் கார் விழுந்திருக்கு, வரியை மட்டும் இப்பவே அனுப்புங்க'ன்னு போன் வந்துச்சு. நிஜமா இருக்குமா?

நீங்கள் அந்தப் போட்டியில் கலந்துகொண்டீர்களா? இல்லை என்றால் பேச்சே வேண்டாம். கலந்துகொண்டிருந்தாலும், முன் கேள்வியில் வரி பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் ஏமாற்றுகிறார்கள். தனியாள் எண்ணுக்கு, அவசரமாக, யுபிஐ-யில் அனுப்பு என்றால் அது மோசடி. நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எங்க ஐயா பெட்டகத்துல பழைய ரேடியோ கார்டு, உரிமப் புத்தகம் எல்லாம் இருக்கு. விலை போகுமா?

பெரிய விலை போகாது. ஆனால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உங்கள் அட்டைகளைக் கரையான் படாத இடத்தில், ரப்பர் பேண்ட் போடாமல், வருட வாரியாக வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை தேதி தெரிய வேண்டும்.

காரைக்குடிக்குன்னு தனியா எஃப்.எம். வருமா? வந்தா போட்டி பழையபடி இருக்குமா?

2024 ஆகஸ்டில் 234 ஊர்களில் 730 தனியார் அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் காரைக்குடியும் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, ஏலத்தில் ஆள் எடுப்பது வேறு, கோபுரம் எழுவது வேறு. அவசரப்பட வேண்டாம்.

வந்தால் பழையபடி இருக்காது. அட்டைக்கு யாரும் திரும்பப் போவதில்லை. ஆனால் கொழும்பும் திருச்சியும் கொடைக்கானலும் கேட்க முடியாத கேள்விகளை உள்ளூர் நிலையம் கேட்கலாம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களை வரிசையாகச் சொல்லுங்கள், ஏவி.எம். இங்கே தேவகோட்டை ரோட்டில் ஸ்டூடியோ வைத்து 1947-ல் வெளியிட்ட படம் எது, இப்படி. பரிசுக்கு ஒரு டின் தேன்குழல் போதும், 10,000-க்குள் அடங்கும், வரிப் பிடித்தமும் இல்லை. அந்த ஸ்டூடியோ கேள்விக்கு விடை 'நாம் இருவர்'. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதற்கும் கடைக்கு வந்து கேட்பீர்கள்.